தங்கவயலிலிருந்து கிளம்பும் கார்: வழியில் நின்றால் யார் வருவார்?

கோலார் தங்கவயலில் பதிவாகும் காரின் எண் கே.ஏ. 08 என்று தொடங்கும். ஊரின் ராபர்ட்சன்பேட்டையில் புறப்பட்டுக் கிழக்கே போனால், காலைச் சிற்றுண்டி நேரத்துக்குள் அந்தக் கார் மூன்று மாநிலங்களின் மண்ணை மிதித்துவிடும். பேத்தமங்கலம் தாண்டினால் ஆந்திரத்தின் வி.கோட்டா, அங்கிருந்து மலைப்பாதையில் இறங்கினால் தமிழ்நாட்டின் பேரணாம்பட்டு. மேற்கே கோலார் சுமார் 30 கி.மீ., பெங்களூரு சுமார் 100 கி.மீ. சுரங்கத்துக்கு ஆள் சேர்ந்த காலத்தில் பழைய வடஆர்க்காடு மாவட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். குடியாத்தம், ஆம்பூர், வேலூர்ப் பக்கத்துக் கொடுக்கல் வாங்கல் இன்னும் தொடர்கிறது. அதனால் இந்த ஊர்க்கார் அடிக்கடி எல்லை தாண்டுகிறது.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி காலூன்றிய இடம் இது. 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் வேலையை நிறுத்தியதும் ஊரின் பிழைப்பு பெங்களூருப் பக்கம் சாய்ந்தது. மாரிக்குப்பத்தில் ரயிலேறி வேலைக்குப் போய்த் திரும்புவோர் ஏராளம். அப்படிப்பட்ட வீட்டில் கார் இருந்தால் அது வாரம் முழுக்க வாசலில் நிற்கும். கல்யாணம், காதுகுத்து, திருப்பதி, திருவண்ணாமலை என்றால் நெடுந்தூரம் ஓடும். தினமும் ஓடாத கார், ஓடும்போது வெகுதூரம் ஓடும் கார், வழியில் நின்றால் பக்கத்து ஊரிலும் தெரிந்த மெக்கானிக் இல்லாத கார். சாலையோர உதவி ஒப்பந்தம் யாருக்குத் தேவை என்று கேட்டால், இந்தக் காருக்குத்தான்.

‘ரோட்சைடு அசிஸ்டன்ஸ்’ என்றும் ‘ஆர்.எஸ்.ஏ.’ என்றும் விற்கப்படும் இந்த ஒப்பந்தத்தைப் பெரும்பாலோர் விலையையும் நிறுவனத்தின் பெயரையும் பார்த்து வாங்குகிறார்கள். பெருநகருக்குள்ளேயே ஓடும் காருக்கு அது போதும். எந்த நிறுவனத்தை அழைத்தாலும் ஏதோ ஒரு ரெக்கவரி வண்டி சில கிலோமீட்டருக்குள் இருக்கும். தங்கவயல் போன்ற எல்லையூரில் கணக்கு வேறு. வண்டி எங்கே நிற்கும், அங்கே எந்த ஊரிலிருந்து உதவி வரும், வந்த வண்டி நம் காரை எந்த ஊருக்கு இழுத்துப்போகும் என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலே ஒப்பந்தத்தின் உண்மையான மதிப்பு. மற்றதெல்லாம் விளம்பரத்தாள்.

சங்கமாகத் தொடங்கியது

இந்தச் சேவை முதலில் வியாபாரமாக வரவில்லை. அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. 1902இலும் ஜெர்மனியின் அடாக் 1903இலும் பிரிட்டனின் ஆட்டோமொபைல் அசோசியேஷன் 1905இலும் கார்க்காரர்களின் சங்கங்களாகவே பிறந்தன. பிரிட்டன் சங்கத்தின் முதல் வேலையே, போலீசார் வேகத்தைப் பிடிக்க மறைந்திருக்கும் இடங்களைச் சைக்கிளில் போன ஆட்களைக் கொண்டு உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பது. வழியில் நின்ற வண்டியைப் பழுதுபார்க்கும் வேலை பிறகு சேர்ந்தது. இந்தியாவிலும் இதே வழிதான். கல்கத்தாவில் 1904இலும் பம்பாயில் 1919இலும் மோட்டார் சங்கங்கள் அமைந்தன; தென்னிந்தியாவுக்குச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சங்கம் இருக்கிறது.

தமிழகத்தின் பங்கு வேறு வகை. 1911இல் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார், தம் பேருந்துகள் போகும் சாலையில் மாட்டுலாடத்து ஆணிகளைப் பொறுக்கக் காந்தம் கட்டிய வண்டியை முன்னே ஓடவிட்டார் என்று டி.வி.எஸ். வரலாற்றில் சொல்லப்படுவதுண்டு. வண்டி நின்றபின் ஓடிப்போவதைவிட நிற்காமல் பார்த்துக்கொள்வது லாபம் என்ற கணக்கு அது.

சங்கத்தில் சந்தா கட்டுபவரே உரிமையாளர். இன்றைய சந்தையில் சந்தா கட்டுபவர் வாடிக்கையாளர் மட்டுமே. கார் நிறுவனங்கள் புது வண்டியோடு இந்தச் சேவையைச் சில ஆண்டுகளுக்குச் சேர்த்துத் தருகின்றன. காப்பீட்டு நிறுவனங்கள் பாலிசியின் கூடுதல் இணைப்பாக விற்கின்றன. மைடிவிஎஸ், பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட ரெடிஅசிஸ்ட் போன்ற நிறுவனங்கள் நேரடியாகவும் விற்கின்றன. சில பேட்டரி, டயர் நிறுவனங்களும் கிரெடிட் கார்டுகளும் இலவச இணைப்பாகத் தருவதுண்டு. தனியாக வாங்கினால் ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் தொடங்கிச் சில ஆயிரம்வரை போகும்.

அழைப்பை எடுப்பவர் ஒருவர், வருபவர் வேறொருவர்

விலைப்பட்டியலில் தெரியாத ஒன்று உண்டு. அழைப்பை எடுப்பது ஒரு கால்சென்டர். கார் நிறுவனத்தின் பெயரிலோ காப்பீட்டு நிறுவனத்தின் பெயரிலோ பேசினாலும், அந்த வேலையைப் பெரும்பாலும் ஓர் உதவிச்சேவை நிறுவனம் ஒப்பந்தமாக எடுத்திருக்கும். அந்த நிறுவனம் தன் பட்டியலில் உள்ள உள்ளூர் ரெக்கவரி வண்டிக்காரருக்கோ மெக்கானிக்குக்கோ வேலையைத் தள்ளிவிடும். ஆக, இரண்டு மூன்று விதமான அட்டைகளை வைத்திருந்தாலும் கடைசியில் வருவது ஒரே வண்டிக்காரராக இருக்கலாம்.

அவருடைய கணக்கைப் புரிந்துகொண்டால் தாமதத்தின் காரணம் புரியும். அவருக்கு வேலைக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. வண்டியை ஏற்றிய பிறகு ஓடும் தூரத்துக்குக் காசு உண்டு. ஏற்றப்போகும் தூரத்துக்கும் ஏற்றி இறக்கிவிட்டுத் திரும்பும் தூரத்துக்கும் முழுக்காசு கிடைக்காவிட்டால் அது நஷ்ட ஓட்டம். பெங்களூருவில் ஓர் இறக்கத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே அதிக தூரம் இருக்காது. கோலார் மாவட்டத்தின் தெற்கு மூலைக்கு வந்த வண்டி காலியாகத் திரும்ப வேண்டியிருக்கும். எனவே பட்டியலில் பெயர் இருந்தாலும் ராத்திரி பதினொரு மணிக்கு அவர் ‘வண்டி வேற வேலையில இருக்கு’ என்று சொல்ல எல்லாக் காரணமும் உண்டு. நிறுவனங்கள் தரும் நேரவாக்குறுதி பெரும்பாலும் ‘இயன்றவரை’ என்ற சொல்லின் துணையோடு வருவதற்கு இதுவே காரணம்.

இதிலிருந்து வாங்குபவர் பெறவேண்டிய முதல் பாடம்: நாடு முழுக்க எத்தனை ஆயிரம் வண்டிகள் என்ற விளம்பர எண் நமக்கு எதுவும் சொல்லாது. தங்கவயல், பங்காருப்பேட்டை, கோலார், முல்பாகல், வி.கோட்டா, குடியாத்தம் ஆகிய இடங்களில் யார் இருக்கிறார் என்பதே சொல்லும். விற்பவரிடம் இதைக் கேட்கலாம். பதில் தர மறுத்தால் இன்னொரு வழி உண்டு: ஊரில் ரெக்கவரி வண்டி வைத்திருப்பவரிடம், பெரிய ஷெட்காரரிடம் போய், எந்தெந்த நிறுவனத்தின் அழைப்பு உங்களுக்கு வருகிறது, யார் காசைத் தாமதமில்லாமல் தருகிறார் என்று கேட்பது. நேரத்துக்குக் கூலி தரும் நிறுவனத்தின் அழைப்புக்கே அவர் நேரத்துக்குக் கிளம்புவார்.

நான்கு சாலை, நான்கு சோதனை

தங்கவயலிலிருந்து வெளியே போகும் சாலைகள் ஒவ்வொன்றும் ஒப்பந்தத்தின் வேறு வேறு வரியைச் சோதிக்கின்றன.

முதலாவது பங்காருப்பேட்டை, கோலார் வழியாகப் பெங்களூருக்குப் போகும் பழைய வழி. கோலாரில் தேசிய நெடுஞ்சாலை 75இல் ஏறினால் ஊரும் கடையும் பஞ்சர் போடும் இடமும் தொடர்ந்து வரும். பகலில் இங்கே எந்த ஒப்பந்தமும் ஓரளவு வேலை செய்யும். சிறு கோளாறு என்றால் ஒப்பந்தம் இல்லாமலேயே சமாளிக்கலாம்.

இரண்டாவது பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை. ஹொஸ்கோட்டையில் தொடங்கி மாலூர், பங்காருப்பேட்டை, பேத்தமங்கலம் பக்கமாக ஆந்திரத்துக்குள் நுழையும் இதன் சுமார் 71 கி.மீ. நீளக் கர்நாடகப் பகுதி 2024 டிசம்பரில் போக்குவரத்துக்குத் திறந்தது. முழுச்சாலையும் முடிந்தால் ஸ்ரீபெரும்புதூர்வரை சுமார் 260 கி.மீ. இது நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட சாலை. குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே ஏற இறங்க முடியும். டூவீலருக்கும் ஆட்டோவுக்கும் உரியதல்ல. இதன் விளைவைக் கார்க்காரர்கள் அதிகம் யோசிப்பதில்லை. சாதாரணச் சாலையில் வண்டி நின்றால் பக்கத்து ஊர் மெக்கானிக் பைக்கில் சாமான் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்துவிடுவார். விரைவுச்சாலையில் அவர் வர வழியில்லை. வேலிக்கு அப்பால் அரை கிலோமீட்டரில் ஷெட் இருந்தாலும் பயனில்லை. சுற்றி வந்து சரியான திசையில் ஏறக்கூடிய நான்கு சக்கர உதவி வண்டி வேண்டும். இந்தச் சாலையைப் பயன்படுத்துபவருக்கு ஒப்பந்தம் வசதி என்ற நிலையைத் தாண்டி அவசியமாகிறது. கேட்கவேண்டிய கேள்வியும் மாறுகிறது: ‘விரைவுச்சாலையில் நின்றால் நீங்களே வருவீர்களா, சாலை நிர்வாகத்தின் வண்டி வெளியே கொண்டுவந்த பிறகுதான் எடுப்பீர்களா?’

மூன்றாவது, சொந்தபந்தச் சாலை. பேத்தமங்கலம் வழியாக வி.கோட்டா போனால், கோலாரிலிருந்து முல்பாகல் வழியே வரும் அதே 75ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்துப் பத்தலப்பல்லி மலைப்பாதையில் இறங்கிப் பேரணாம்பட்டு, குடியாத்தம் வழியாக வேலூர் சேரலாம். வளைவுகள், காடு, சில இடங்களில் செல்போன் சிக்னலும் சந்தேகம். இருப்பிடத்தை லிங்க் மூலம் அனுப்பச் சொல்லும் செயலிகள் இங்கே திணறும். மலைப்பாதையில் நின்ற வண்டியை எந்த மாநிலத்து ரெக்கவரிக்காரர் எடுப்பார் என்பதும் கேள்வி. ‘அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்‌ஷாப்புக்கு’ இழுத்துச் செல்வோம் என்ற ஒப்பந்தவரியின் பொருள் இங்கேதான் வெளிப்படும். அருகிலுள்ளது வேலூரில் இருந்தால் கார் வேலூருக்குப் போகும். குடும்பம் தங்கவயலுக்குத் திரும்பும். வண்டி தயாரானதும் மறுபடி ஒருவர் வேலூருக்குப் போய் எடுத்துவர வேண்டும். ‘வாடிக்கையாளர் விரும்பும் இடத்துக்கு, இத்தனை கிலோமீட்டர்வரை’ என்று எழுதிய ஒப்பந்தம் சில நூறு ரூபாய் கூடுதலானாலும் இந்த ஊருக்கு மலிவு.

நான்காவது காமசமுத்திரம் பக்கமாகக் குப்பம் போகும் தெற்கு வழி. யானை நடமாட்டமுள்ள வட்டாரம். இரவில் வண்டி நின்றால் இறங்கி நின்று போனில் வாதாடுவது நல்லதல்ல. இந்தத் திசைக்குச் சிறந்த காப்பு, பகலில் கிளம்புவதே.

கையில் ஏற்கெனவே இருப்பது என்ன?

புதிதாக வாங்குமுன் பையில் இருப்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். பலரும் காப்பீட்டுப் பாலிசியே இதற்குப் போதும் என்று நினைக்கிறார்கள். 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகள் வகுத்த வழக்கமான தனியார் கார் பாலிசியின் வாசகம் இன்னமும் பெரும்பாலும் அப்படியே தொடர்கிறது. அதன்படி, பாலிசி ஏற்கும் சேதத்தால் வண்டி ஓடமுடியாமல் போனால் மட்டுமே அருகிலுள்ள பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகும் செலவு கிடைக்கும். அதுவும் ஒரு விபத்துக்கு 1,500 ரூபாய்க்கு மேல் போகாது. எந்திரக் கோளாறு, மின் கோளாறு, தேய்மானம் ஆகியவை அதே பாலிசியில் வெளிப்படையாக விலக்கப்பட்டவை. வண்டிக்கும் சேர்த்துச் சேதம் வராமல் டயர் மட்டும் போனால் அதற்கும் காசில்லை. ஆக, பேட்டரி இறங்கி நிற்கும் கார் விஷயத்தில் அடிப்படைப் பாலிசி ஒன்றும் செய்யாது. கூடுதல் பிரீமியம் கட்டி உதவி இணைப்பைச் சேர்த்திருக்கிறோமா என்று பாலிசித் தாளில் தேடிப்பார்க்க வேண்டும்.

அதே பாலிசியில் இன்னொரு நிபந்தனை கவனத்துக்குரியது. விபத்தோ பழுதோ ஏற்பட்ட வண்டியைத் தகுந்த பாதுகாப்பில்லாமல் விட்டுப்போகக் கூடாது. பழுதுநீக்காமல் ஓட்டினால் அதனால் பெருகும் சேதம் உரிமையாளர் தலையில். ராத்திரி நின்ற காரை ஓரத்தில் பூட்டிவிட்டுப் பஸ்ஸேறிப் போகும் பழக்கம் பிறகு இழப்பீட்டைச் சிக்கலாக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவும் உண்டு: பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் கிடக்கும் வண்டியை இழுத்துப்போகச் சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம், போக்குவரத்துக்கு ஆபத்தென்றால் உடனேயே அகற்றலாம், செலவு உரிமையாளருடையது. உதவி வருவதற்கு ஆகும் நேரம், சட்டப்படியும் பணக்கணக்கு உள்ள விஷயம்.

தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண் இருக்கிறது. 2018இல் அறிமுகமான இந்த இலவச எண் நாள் முழுதும் இயங்குகிறது. சுங்கம் வசூலிக்கும் சாலைகளில் ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் வைத்திருப்பது சாலையை நடத்துபவரின் ஒப்பந்தக் கடமை. ஆனால் அந்தக் கிரேனின் வேலை சாலையைத் தடையில்லாமல் வைப்பது. நின்ற காரை ஆபத்தில்லாத ஓரத்துக்குக் கொண்டுபோவதோடு அது முடியலாம்; நம் ஊர் ஷெட்டுவரை வராது. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து நெடுஞ்சாலையைத் தொடும்வரையுள்ள சாலைகளில் இந்த எண்ணுக்கு வேலையில்லை. உயிருக்கு ஆபத்தென்றால் 112, ஆம்புலன்சுக்கு 108 என்பது எல்லாச் சாலைக்கும் பொது.

அதனால் தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033ஐ முதல் அழைப்பாகவும் ஒப்பந்த நிறுவனத்தை இரண்டாவது அழைப்பாகவும் வைத்துக்கொள்வது சரியான வரிசை. சாலையில் நிற்கும் கார் பழுது மட்டுமல்ல, பின்னால் வரும் லாரிக்குத் தடையும்கூட. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கில் 4,61,312 விபத்துகளும் 1,68,491 மரணங்களும் பதிவாகியுள்ளன. நிற்கும் வாகனத்தில் மோதுவது அந்த அறிக்கையில் தனி வகையாகவே கணக்கிடப்படுகிறது. வேகம் கூடிய விரைவுச்சாலையில் முதலில் ஆட்களை இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிறுத்தி, முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வைத்த பிறகே போனை எடுக்க வேண்டும்.

வரிக்கு வரி வாசிக்கவேண்டியவை

தூரம்தான் முதல் வரி. ‘50 கி.மீ. வரை இலவசம்’ என்றால் எங்கிருந்து எங்கே? சில ஒப்பந்தங்கள் கார் நின்ற இடத்திலிருந்து இறக்கும் இடம்வரை எண்ணும். சில ரெக்கவரி வண்டி போய்த் திரும்பும் மொத்தத் தூரத்தை எண்ணும். இரண்டாவது வகையில் 50 என்பது 25 ஆகச் சுருங்கும். ஓர் உதாரணக் கணக்கு: இழுக்கவேண்டிய தூரம் 90 கி.மீ., இலவசம் 50, மேல்தூரத்துக்குக் கிலோமீட்டருக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதல் வகையில் கையிலிருந்து 1,200 ரூபாய் போகும். போகவர 180 என்று எண்ணும் வகையில் 3,900 ரூபாய். ஒரே ‘50 கி.மீ.’, இரண்டு விலை. பெங்களூருவில் சர்வீஸ் விடும் தங்கவயல்காரர் 100 கி.மீ.க்குக் குறைந்த ஒப்பந்தத்தைத் தொடாமலிருப்பது நல்லது.

அடுத்து, எத்தனை முறை, எப்போதிலிருந்து. ஆண்டுக்கு மூன்று நான்கு அழைப்புகள் என்ற வரம்பு வழக்கம். வாங்கிய முதல் சில நாட்கள் செல்லாது என்ற காத்திருப்புக்காலமும் உண்டு. கல்யாணத்துக்குக் கிளம்பும் முந்தின நாள் வாங்கிய அட்டை கல்யாணத்துக்கு உதவாது.

மூன்றாவது, எது பழுது. வண்டி நகரவே முடியாத நிலையைத்தான் பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஏற்கின்றன. ஏ.சி. போனது, வைப்பர் நின்றது போன்றவை அதில் சேரா. பெட்ரோல் தீர்ந்தால் கொண்டுவந்து தருவார்கள். பெட்ரோல் விலை நம்முடையது. பேட்டரி இறங்கினால் ஜம்ப் ஸ்டார்ட் செய்வார்கள். புது பேட்டரி நம் செலவு. ஜெர்மனியின் அடாக் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் பழுதுக் கணக்கில், நாற்பது சதவீதத்துக்கும் மேலான அழைப்புகளுக்குக் காரணம் ஸ்டார்ட்டர் பேட்டரிதான். மின்சாரக் கார்களிலும் பெரிய பேட்டரியைவிடச் சின்ன 12 வோல்ட் பேட்டரியே அதிகம் காலை வாருகிறது. வாரநாள் முழுக்க வாசலில் நிற்கும் தங்கவயல் காருக்கு இது நேரடியாகப் பொருந்தும் எச்சரிக்கை. இந்தப் பழுதுக்கு ஒப்பந்தத்தைவிட மலிவான மருந்து, வாரத்தில் ஒருமுறை காரை அரைமணி நேரம் ஓட்டுவதும் பழைய பேட்டரியைக் காலத்தே மாற்றுவதும்.

நான்காவது டயர். பஞ்சருக்கு உதவி என்றால், டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியை மாட்டித் தருவதுதான். ஸ்டெப்னி இல்லாவிட்டால்? டயர் அழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. அந்தப் பெட்டியால் ஆணிக் குத்தைச் சமாளிக்கலாம். பக்கவாட்டில் கிழிந்த டயரைச் சமாளிக்க முடியாது. ஸ்டெப்னி இல்லாத கார் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு பெரிய டயர்ப் பழுதும் வண்டியை இழுக்கும் வேலையாகிவிடும். ஆகவே, டயர் போனதற்காக இழுப்பதும் இலவசத்தில் அடங்குமா என்பதை எழுத்தில் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, எந்த வகை வண்டி வரும். மின்சாரக் காரையும் நான்கு சக்கரமும் இழுக்கும் காரையும் சக்கரம் தரையில் உருள இழுத்தால் மோட்டாரோ கியர்பாக்ஸோ கெடும். தட்டையான மேடையில் ஏற்றிச்செல்லும் ஃபிளாட்பெட் வண்டி வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் கார்களிலும் இயங்கும் சக்கரங்கள் தரையில் உருளக் கூடாது. கொக்கியில் தூக்கும் கிரேன் மட்டுமே வட்டாரத்தில் இருந்தால், அட்டையில் ‘அனைத்து மாடல்களுக்கும்’ என்று அச்சிட்டிருப்பதால் பயனில்லை. புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும் செய்யும் பெமல் ஆலை இருக்கும் ஊரானாலும், ஒரு சின்ன மின்சாரக் காரை ஏற்ற மேடைவண்டி எங்கிருந்து வரும் என்று விசாரித்தே தீரவேண்டும்.

கடைசியாக, மொழி. தங்கவயல்காரர் தமிழும் கன்னடமும் பேசுவார், வி.கோட்டாவில் உதவிக்கு வருபவர் தெலுங்கு பேசுவார். கால்சென்டரில் இருப்பவருக்கு இந்த மூன்றில் எதுவும் தெரியாமலிருக்கலாம். பத்தலப்பல்லி எங்கே என்று அவருக்கு விளக்குவதற்குள் செல்போன் சார்ஜ் தீரும். வாங்குமுன் அந்த உதவி எண்ணை ஒருமுறை அழைத்துப் பார்ப்பதற்குக் காசில்லை. எத்தனை நிமிடத்தில் மனிதக் குரல் கிடைக்கிறது, எந்த மொழியில் கிடைக்கிறது என்பது அந்த ஓர் அழைப்பிலேயே தெரிந்துவிடும்.

வராவிட்டால் எங்கே போவது?

காப்பீட்டுப் பாலிசியின் இணைப்பாக வாங்கியதென்றால் முறையீடு முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்கு. தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு. கர்நாடகத்துக்கான அலுவலகம் பெங்களூருவில் இருக்கிறது. தனி நிறுவனத்திடம் நேரடியாக வாங்கிய அட்டை சேவை ஒப்பந்தம். அதற்கு அந்த வாசல் திறக்காது, நுகர்வோர் சட்டமே துணை.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சிற்றூர்க்காரருக்கு ஒரு பெரிய வசதி செய்தது. முன்பு எதிர்த்தரப்பின் அலுவலகம் இருக்கும் இடத்திலோ சம்பவம் நடந்த இடத்திலோ வழக்குப் போட வேண்டியிருந்தது. இப்போது புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே போடலாம். நிறுவனத்தின் தலைமையிடம் மும்பையிலோ குருகிராமிலோ இருக்கட்டும். கோலார் மாவட்ட ஆணையத்தில் அதை நிற்கவைக்கலாம். 5 லட்சம் ரூபாய்வரையிலான வழக்குக்குக் கட்டணமில்லை. இரண்டாண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்து பார்க்கலாம்.

எந்தப் புகாருக்கும் ஆதாரம் வேண்டும். அழைத்த நேரம், கொடுத்த புகார் எண், வந்த குறுஞ்செய்திகள், வண்டி நின்ற இடத்தின் படம், வேறு வழியில்லாமல் தனியாரிடம் கொடுத்த கூலிக்கு ரசீது ஆகியவை போதும். ரசீது தர ரெக்கவரிக்காரர் தயங்கினால், பணத்தைக் கையில் கொடுக்காமல் போனில் அனுப்பினால் அதுவே சாட்சி. ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ‘இயன்றவரை விரைவில்’ என்ற வரிக்குக் கையெழுத்திட்டவர், இரண்டு மணி நேரம் தாமதம் என்பதை மட்டும் வைத்து வெல்வது கடினம். நேரத்தை எண்ணாகத் தரும், தாமதித்தால் பணம் திருப்பித் தரும் ஒப்பந்தம் கிடைத்தால் அதற்குக் கொடுக்கும் கூடுதல் ரூபாய் வீணல்ல.

ஊருக்கேற்ற தேர்வு

வாரண்டிக் காலம் முடியாத புதுக் காருக்குக் கார் நிறுவனத்தின் சேவை எதுவரை என்று பார்த்தால் போதும். மேலே இன்னொன்று வாங்குவது பெரும்பாலும் இரட்டைச் செலவு. வாரண்டி தாண்டி, வேலூருக்கும் பெங்களூருக்கும் அடிக்கடி ஓடும் கார் என்றால், இழுக்கும் தூரம் குறைந்தது 100 கி.மீ., இறக்கும் இடம் நம் விருப்பம் என்ற இரண்டும் எழுத்தில் உள்ள ஒப்பந்தம் வேண்டும். அது காப்பீட்டு இணைப்பா, தனி நிறுவனமா என்பது இரண்டாம்பட்சம். விலை ஒத்திருந்தால், குறைதீர்ப்பாளரிடமும் நுகர்வோர் ஆணையத்திடமும் போகமுடிகிற காப்பீட்டு இணைப்புக்கு ஒரு படி கூடுதல் மதிப்பு. ஊரைச் சுற்றி மட்டும் ஓடும் பழைய காருக்கு ஒப்பந்தமே தேவையில்லை. நல்ல பேட்டரி, காற்றுள்ள ஸ்டெப்னி, தெரிந்த மெக்கானிக்கின் எண் ஆகியவை அதற்குப் போதும்.

இவையெல்லாம் தனியொருவர் செய்யும் தேர்வு. ஆனால் தங்கவயலின் அடிப்படைச் சிக்கல், ரெக்கவரி வண்டிக்காரருக்கு இங்கே வந்துபோவது கட்டுப்படியாகவில்லை என்பது. அதைத் தனியொருவரின் சந்தா தீர்க்காது. இந்தச் சேவையைத் தொடங்கிய சங்கங்கள் செய்தது வேறு: முதலில் ஆட்கள் சேர்ந்தார்கள், பிறகு வண்டி வைத்தார்கள். தொழிற்சங்கத்தை நன்கறிந்த ஊருக்கு இது புதிதல்ல. வாடகைக்கார் ஓட்டுநர்களும் சொந்தக்கார் வைத்திருப்போரும் சேர்ந்து, பேத்தமங்கலம் அல்லது பங்காருப்பேட்டையில் ஃபிளாட்பெட் வைத்திருக்கும் ஒருவரிடம் ஆண்டுக்கு ஒரு தொகை உறுதியாகத் தருவதாகப் பேசலாம். வேலை வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு அந்த வருமானம் உண்டு. விரைவுச்சாலை பக்கத்திலேயே ஓடுவதால் வெளியாட்களின் வேலையும் அவருக்குக் கிடைக்கும். அறுபது எழுபது கிலோமீட்டருக்குள் நடப்பதை அவர் பார்த்துக்கொள்வார். அதற்கு அப்பால், சென்னையிலோ திருப்பதியிலோ நின்றால், நிறுவன ஒப்பந்தம் பார்த்துக்கொள்ளட்டும். விரைவுச்சாலையின் மீதிப் பகுதியும் திறந்து சென்னைப் போக்குவரத்து முழுதாக இந்தப் பக்கம் திரும்பினால், ரெக்கவரி வண்டிகள் தாமாகவே இங்கே வந்து நிற்கக்கூடும். அதற்கு முன்பே கூடிப் பேசினால் விலையை ஊரார் சொல்லலாம். பிறகென்றால் வண்டிக்காரர் சொல்வதுதான் விலை.